நான் வாசித்துக் காட்டிய தாள்

அய்யா கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம் எனக்குப் பதினான்கு வயது. ராமநாதபுரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியின் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் எழுதப் படிக்கக் கற்றதில்லை. அய்யாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்து என்றால் கட்டைவிரல்தான். விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்தால், இலங்கையில் வேலை பார்க்கும் தங்கள் அண்ணன் தம்பிகளிடமிருந்து வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு பெண்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, வாசிப்பதற்கு முன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வேன். அவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பின்னால் நான் செய்த காரியத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பாம்பனுக்குக் கிழக்கே, வடகடல் ஓரத்தில் இருக்கிறது. ஊர் முழுக்க வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள். ஓலைக்கூரை போட்ட ஒரு கோயில். மாதம் ஒருமுறை வந்து பூசை வைக்கும் சாமியார். மற்ற நாட்களில் செபம் சொல்லவும் பிள்ளைகளுக்கு மந்திரம் படித்துக் கொடுக்கவும் ஒரு உபதேசியார் இருந்தார். வாடைக்காற்று தொடங்கிய ஒரு நாளில் அய்யாவும் இன்னும் இரண்டு பேரும் போன வள்ளம் உடைந்துபோனது. ஒருவர் உடல் மூன்றாம் நாள் கரைக்கு வந்தது. இன்னொருவரை வேறொரு தோணிக்காரர்கள் உயிரோடு தூக்கி வந்தார்கள். அவர் அம்மாவிடம் சொன்னது இதுதான்: "உம் புருசன் பலகையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. கிழக்க போனாரு. நான் கண்ணால பாத்தேன்."

கிழக்கே என்றால் இலங்கை. எங்கள் கரையிலிருந்து அப்படி ஒதுங்கிப் போய், அங்கே சிறையில் இருந்துவிட்டு ஐந்து மாதம் கழித்துத் தாடியோடு வந்து இறங்கியவர்கள் உண்டு. அதனால் அம்மா அழவில்லை. சேதி கேட்டு விடுதியிலிருந்து வந்த எனக்குச் சோறு போட்டுவிட்டுக் குருசடிக்குப் போனாள்.

குருசடி என்பது கடற்கரையில் சுண்ணாம்பு பூசிய ஒரு சின்ன மேடை, அதன்மேல் ஒரு சிலுவை. வள்ளங்கள் கடலில் இருக்கும் நாட்களில் சாயங்காலம் பெண்கள் அங்கே மணலில் உட்கார்ந்து செபமாலை சொல்வார்கள். கடைசியில் 'கடல்மேல் இருப்பவர்களுக்காக' என்று ஒரு மந்திரம் உண்டு. அதைச் சொல்லாமல் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். இதற்கு எங்கும் எழுதி வைக்காத ஒரு முறை இருந்தது. புருஷன் அன்றைக்குக் கடலில் இருக்கிறவள்தான் முன்வரிசையில் உட்காரலாம்; அவர்களில் ஒருத்திதான் முதல் பாதியைச் சொல்லலாம். கைம்பெண்களும் கல்யாணமாகாதவர்களும் பின்னால் உட்கார்ந்து மறுபாதியைச் சொல்வார்கள்.

மற்றப் பெண்களின் புருஷன்மார் போவார்கள், வருவார்கள். அம்மாவுடைய புருஷன் மட்டும் எந்நேரமும் கடலில்தான் இருந்தார். அதனால் அம்மா ஒரு நாள்கூட முன்வரிசையை விட்டு எழும்ப வேண்டியிருக்கவில்லை. சில மாதங்களில் முதல் பாதி சொல்கிற பொறுப்பு அவளுக்கே வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வள்ளமும் போகாது, குருசடியில் யாரும் இருக்க மாட்டார்கள். அம்மா தனியாகப் போய் உட்கார்ந்து இரண்டு பாதியையும் தானே சொல்லிவிட்டு வருவாள்.

"ஏத்தா, ஒருத்தருக்காக இம்புட்டுப் படிச்சா மாதாவுக்குக் காது வலிக்காதா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள்.

"வலிக்கட்டும். தொந்தரவு தாங்காம சீக்கிரம் அனுப்பி வச்சிருவா" என்பாள் அம்மா.

பகலெல்லாம் அவள் பட்டது கொஞ்சமல்ல. கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வெந்த மணலில் பாம்பன் வரை நடப்பாள். வரும்போது கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வீட்டில் பேச்சே வராது. ஆனால் குருசடியில் போய் உட்கார்ந்து, நெற்றியில் சிலுவை வரைந்து பிதாசுதன் போட்டுக்கொண்டதும் முதுகு நிமிர்ந்துவிடும். குரல் அடிவயிற்றிலிருந்து வரும். இருபது முப்பது பெண்கள் அந்தக் குரலுக்குக் காத்திருந்து மறுபாதி சொல்வார்கள். நான் விடுமுறையில் பின்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது அதுதான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. எழுத்தறியாதவர்களின் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

பள்ளியில் பூகோளப் படத்தில் தலைமன்னாருக்கு எவ்வளவு தூரம் என்று அளவுகோல் வைத்து அளந்து பார்த்தவள் நான். அய்யா அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் எப்போதோ தகவல் வந்திருக்கும் என்று இரண்டாம் வருஷம் அம்மாவிடம் சொன்னேன். படத்தையும் விரித்துக் காட்டினேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல காத்து எங்க இருக்கு?" என்றாள்.

"காத்தையெல்லாம் படத்துல போட மாட்டாங்க அம்மா."

"அப்ப இதை வச்சுக்கிட்டு என்னத்தைச் சொல்ற நீ."

எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். எங்கள் கரையிலிருந்து தேறிய முதல் பெண் நான்தான் என்று கோயிலில் சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். அடுத்தது ஆசிரியப் பயிற்சி. அதே கன்னியாஸ்திரீகளின் பயிற்சிப் பள்ளியில், தகப்பன் இல்லாத பெண்களுக்கு என்று இரண்டு இடங்களை ஒதுக்கியிருந்தார்கள். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மற்றப்படி எங்களால் நினைத்தும் பார்க்க முடியாது. விண்ணப்பம் வாங்கிய சிஸ்டரிடம், அய்யா காணாமற்போனவர் என்று சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? மதர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கேட்பார்கள்" என்றார். அம்மா ஒப்புக்கொண்ட கடிதமும் அதன்மேல் பங்குச் சாமியாரின் கையொப்பமும் வேண்டும் என்றார்.

ஊருக்கு ரயிலில் திரும்பும்போதே மனதுக்குள் அந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். வீட்டில் நல்ல தாள் ஒன்றில், நல்ல மையால், எனக்குப் பெருமை தந்த அந்தக் கையெழுத்தில் எழுதினேன்: 'என் கணவர் மூன்று வருஷங்களுக்கு முன் கடலில் மூழ்கி இறந்துபோனார். என் மகளுக்குத் தகப்பன் இல்லை.'

மத்தியானம் அம்மா கருவாடு விற்றுவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் குடுக்கிறாங்க, அதுக்குக் கேட்டு எழுதியிருக்கேன். கை வைக்கணும்" என்றேன்.

"வாசி, கேப்போம்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "என் கணவர் கடலுக்குப் போய் மூன்று வருஷங்கள் ஆகின்றன. இன்னும் திரும்பி வரவில்லை. என் மகளைப் படிக்க வைக்க எனக்கு வசதி இல்லை" என்று வாசித்தேன். என் கண்கள் எழுத்தின் மேலேயே ஓடின. குரல் தடுமாறவில்லை.

"நல்லா எழுதியிருக்க. அவுக வந்ததும் இதையெல்லாம் சொல்லணும்" என்றாள் அம்மா. பிதாசுதன் போட்டுக்கொண்டு, விளக்குக் கரியில் விரலைத் தேய்த்து, நான் காட்டிய இடத்தில் வைத்தாள்.

தாளை உபதேசியார் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாமியாரிடம் சேர்ப்பது அவர் வேலை. மெலிந்த மனிதர், காது மடலில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். எனக்கு அ, ஆ போடச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"அம்மாட்ட வாசிச்சுக் காட்டினியா?"

"காட்டினேன்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தாளை மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். 'காட்டினேன்' என்பது பொய்யில்லையே என்று நான் வீடு வரும் வரை மனதுக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். ஞானோபதேச வகுப்பில் எனக்கு எப்போதும் முதல் மதிப்பெண்.

இடம் கிடைத்தது. போய்ச் சேர்ந்தேன். தாள் அத்தோடு ஒரு பெட்டிக்குள் போய்க் கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். சாமியார் கையொப்பம் போட்டால் கோயிலின் மரித்தோர் புத்தகத்திலும் பெயர் ஏற வேண்டும் என்பதும், அந்த வருஷம் புத்தகத்தில் ஏறிய பெயர்களை நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளன்று கோயிலில் சத்தமாக வாசிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாத விஷயங்கள் அல்ல. சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவைதான். தாளை எழுதும்போது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்துக் காகிதம் ஓர் உலகம், எங்கள் கோயில் வேறோர் உலகம் என்று எப்படியோ பிரித்து வைத்திருந்தேன்.

அந்தத் திருநாளுக்கு விடுமுறை விட்டார்கள். பயிற்சிப் பள்ளியின் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று கோயிலில் நடு இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அம்மா முன்னால், குருசடியில் உடன் உட்காரும் பெண்களோடு இருந்தாள். நடுவில் கறுப்புத் துணி போர்த்திய தூம்பா. உள்ளே உடல் இல்லாத பெட்டி அது, எல்லா மரித்தவர்களுக்குமாகச் சேர்த்து வைப்பது. சுற்றி மெழுகுவர்த்திகள். சாமியார் லத்தீனில் பூசை வைத்தார். பிரசங்கத்துக்குப் பிறகு உபதேசியார் புத்தகத்தோடு படியில் வந்து நின்றார்.

நான்கு பெயர்கள் வாசித்தார். ஐந்தாவது அய்யாவின் பெயர்.

அம்மா எழுந்து நின்றாள். பூசை நடுவில் ஒரு பெண் எழுந்து பேசுவதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"உபதேசியாரே, அந்தப் பேரு தப்பு. அவுக கடல்ல இருக்காக."

உபதேசியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். அம்மாவைப் பார்க்கவில்லை, அவள் தலைக்கு மேலாக என்னைத்தான் பார்த்தார். நான் செபப் புத்தகத்தைத் திறந்து அதற்குள் குனிந்துகொண்டேன். நான் எழுந்து, 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கால் எழவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். கால் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளைச் சேலையோடு அத்தனை பேர் முன்னால் எழ மனம் வரவில்லை.

"உட்காரும்மா. பிறகு பேசுவோம்" என்றார் உபதேசியார். ஆறாவது பெயரை வாசித்தார்.

பூசை முடிந்ததும் அம்மா அவரை மறித்தாள். "யாரு சொன்னா உங்களுக்கு? உடம்பு வந்துச்சா? யாரு பாத்தா?"

"சாமி எழுதச் சொன்னாரு, எழுதினேன்" என்றார் அவர்.

"சாமிக்கு யாரு சொன்னா?"

அவர் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். உபதேசியார்தான் சாமியாரிடம் சொல்லியிருக்கிறார் என்று அம்மா தானே முடிவு கட்டிக்கொண்டு ஊரிலும் சொன்னாள். சாமியார் அன்று மத்தியானமே மண்டபம் போய்விட்டார். கொஞ்ச நாளில் வேறு பங்குக்கு மாற்றலாகியும் போனார். மிஞ்சியது உபதேசியார்தான்.

பெயர் வாசித்தது வாசித்ததுதான். அதை யாரும் திரும்ப எடுக்க முடியாது. பெண்கள் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனார்கள். எட்டாம் நாள் அம்மா தாலியைத் தானே கழற்றி, கோயிலுக்குக் கொண்டுபோய் மாதா சுரூபத்தின் கையில் மாட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி, "மாதாவுக்குக் காணிக்கையாக் குடுத்துட்டியா?" என்று கேட்டாள்.

"குடுக்கலை. குடுத்து வச்சிருக்கேன். அவுக வந்தா திருப்பி வாங்கிக்கிருவேன்."

ஆனால் குருசடியில் முன்வரிசை போய்விட்டது. யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவளே பின்னால் போய் உட்கார்ந்தாள். முதல் பாதியை வேறொருத்தி சொன்னாள். அம்மா மறுபாதியை முணுமுணுத்தாள். மந்திரம் மாறவில்லை, மாதா மாறவில்லை. பின்வரிசையில் அந்த முதுகு மட்டும் முன்போல நிமிரவில்லை.

உபதேசியாரை ஊர் சும்மா விடவில்லை. அவர் கடற்கரையில் நடந்து போனால் பெண்கள் வலையைப் பின்னியபடியே சத்தம் போட்டுச் சொல்வார்கள்: "உபதேசியாரே, எம் புருசன் இப்பத்தான் கடல்ல பாடு எடுக்கப் போயிருக்காரு. சாயங்காலத்துக்குள்ள பேரை எழுதிராதீக!" எல்லாரும் சிரிப்பார்கள். நோயாளி இருக்கும் வீட்டுக்கு அவரை அழைக்கவே பயந்தார்கள். அம்மா அவருடைய 'ஸ்தோத்திரத்துக்கு'ப் பதில் ஸ்தோத்திரம் சொல்வதை நிறுத்திவிட்டாள். இரண்டு வருஷம் அப்படியே இருந்துவிட்டு, அவர் வேலையை விட்டுவிட்டுக் கமுதிப் பக்கம் மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவர் எதிரே வராத தெருவாகப் பார்த்து நடந்தேன். அவர் ஒருமுறைகூட என் பெயரைச் சொல்லவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "ஒரு பொய் சொன்னேன், சாமி." அவ்வளவுதான் சொன்னேன். மூன்று அருள்நிறைந்த மந்திரம் அபராதம். சொல்லி முடித்துவிட்டு எழுந்தபோது மனதில் கொஞ்சமும் இலேசு இல்லை. மன்னிப்பில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. நான் எதற்கு மன்னிப்புக் கேட்டேனோ அதற்குக் கிடைத்தது. முழுவதையும் நான் கேட்கவே இல்லை.

பயிற்சி முடிந்து உப்பூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. இரண்டாம் வருஷம் கோடையில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பத்து நாள் பிரக்ஞை வருவதும் போவதுமாக இருந்தது. டாக்டர் அம்மாவுக்கு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டார். ஒரு மத்தியானம் கண் விழித்தபோது அவள் பாயின் அருகில் உட்கார்ந்திருந்தாள். செபமாலை உருண்டுகொண்டிருந்தது. நான்கு வருஷமாக நான் கேட்காத குரல். அடிவயிற்றிலிருந்து வருகிற அந்தக் குரல். முதல் பாதியையும் மறுபாதியையும் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், 'கடல்மேல் இருப்பவர்களுக்காக' என்று அந்த மந்திரத்தையும் சொன்னாள்.

"இங்கன ஏம்மா அதைச் சொல்ற?" என்று கேட்டேன். நாக்கு வறண்டு ஒட்டியிருந்தது.

"நீ மட்டும் எங்க இருக்க? கரையிலயா இருக்க? வந்து சேரணும்ல."

அந்தச் சொல்லில் நான் ஓய்ந்துபோனேன். என்னை யாரோ பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் வரும் வரை நிறுத்த மாட்டார்கள் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று முதல் தடவையாக அறிந்தேன். அடுத்த ஆறு நாளும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன். பயம் போயிற்று. செத்தாலும் பிழைத்தாலும் ஒரு கையில்தான் இருக்கிறேன் என்று தோன்றியது. அய்யாவுக்காக மூன்று வருஷம் அம்மா செய்துகொண்டிருந்தது இதைத்தான். அவளுக்கு இருந்ததும் இந்த ஆறுதல்தான். அதைத்தான் நான் ஒரு தாளில் எழுதிப் பறித்துவிட்டிருந்தேன்.

எழுந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, சொல்லி முடித்த பிறகுதான் நின்றது.

"தாள்ல என்ன எழுதியிருந்துச்சு? எழுதினபடியே வாசி."

தாள் இல்லை, ஆனால் எனக்கு மனப்பாடம். சொன்னேன். 'மூழ்கி இறந்துபோனார்' என்ற இடத்தில் அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"அந்த மனுசன் இப்ப எங்க இருக்காரு?"

"யாரு?"

"நான் நாலு வருசமா மூஞ்சியைப் பாக்காம இருந்தேனே, அந்த மனுசன்."

என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அவள் முதலில் அவரைக் கேட்டாள்.

நான் நடக்கத் தேறியதும் இரண்டு பஸ் மாறிக் கமுதிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. ஊருக்கு வெளியே களங்களில் மிளகாய் வற்றல் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. தும்மித் தும்மி, "கருவாட்டு வாடையைத் தாங்குற மூக்கு இதைத் தாங்கலையே" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். உபதேசியார் மகன் வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. காதில் பென்சில் இல்லை.

"ஸ்தோத்திரம் உபதேசியாரே" என்றாள் அம்மா.

அவர் முகம் சட்டென்று திரும்பியது. "யாரு, குருசடிக்காரியா?"

"நான்தான். உங்க மேல அபாண்டம் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிக்கங்க."

"நீ எங்கம்மா சொன்ன? ஊருதான் சொல்லுச்சு."

"ஊருக்கு நான்தானே சொன்னேன்."

அவர் காதை எங்கள் பக்கமாகச் சாய்த்தார். பிறகு, "பிள்ளையும் வந்திருக்கா?" என்று கேட்டார். "வந்திருக்கா" என்றாள் அம்மா. "அப்ப சொல்லிட்டா" என்றார்.

அம்மா அவரையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தாளைப் பாத்த அன்னைக்கே தெரியும். அந்தச் சொல்லுக்கு நீ கை வைக்க மாட்டியே. நம்ம கரையில இருந்து ஒரு பொம்பளைப் பிள்ளை டீச்சராப் போகப்போகுது, நான் குறுக்க நிக்கணுமான்னு நினைச்சேன். சாமி பேரை எழுதச் சொன்னப்ப வாயை மூடிக்கிட்டு எழுதினேன். நாலோட அஞ்சா வாசிச்சுட்டுப் போயிரலாம்னு இருந்தேன். நீ எந்திரிச்சு நிப்பேன்னு நினைக்கலை."

நான் இத்தனை நாளும் அவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்தேன். அவர் என் பொய்யைத் தெரிந்தே சுமந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

"எழுத்துத் தெரிஞ்ச ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீக."

"பேசலம்மா. ஒரு வார்த்தை பேசிக்கலை."

"பேசாமலே முடிச்சிட்டீக. அது இன்னும் மோசம்." அவள் குரல் உயரவில்லை. "எங்கிட்ட உள்ளதைச் சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு ரெண்டு பேருல ஒருத்தராச்சும் நினைச்சீகளா?"

கேள்விக்குப் பதிலை அவளே சொன்னாள்:

"கை வச்சிருப்பேன். மாதாகிட்டப் போயி, 'இது புள்ளை படிப்புக்கு எழுதுற எழுத்து, நீ இதைக் கணக்குல எடுக்காத'ன்னு சொல்லிட்டு வந்து வச்சிருப்பேன். நவம்பர்ல பேரை வாசிக்காதீகன்னு உங்ககிட்டயும் சொல்லியிருப்பேன். நீங்களும் கேட்டிருப்பீக."

"கேட்டிருப்பேன்" என்றார் உபதேசியார்.

எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். என் படிப்பும் கிடைத்திருக்கும், அவள் இடமும் போயிருக்காது, அவர் பெயரும் கெட்டிருக்காது. அவளுடைய விசுவாசம் ஒரு சொல் பட்டால் உடைகிற ஓடு என்று நினைத்து நான் பயந்திருந்தேன். என்னையும் என் தாளையும் சேர்த்துத் தாங்குகிற அளவுக்கு அது பெரிதாக இருந்தது. நான் அதைக் கேட்டுப் பார்க்கவே இல்லை.

அம்மா மடியிலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். "பாரைக் கருவாடு. உங்களுக்குப் பிடிக்கும்ல" என்றாள். அவர் அதை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அம்மா குருசடியில், செபமாலை முடிந்து யாரும் எழுந்திருப்பதற்கு முன், "உபதேசியார் மேல குத்தம் இல்லை. குத்தம் எங்க வீட்டுல. இனி யாரும் அவரைப் பேசக்கூடாது" என்று சொன்னாளாம். அதற்கு மேல் யார் கேட்டும் சொல்லவில்லை. முன்வரிசைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். "பேரு வாசிச்சாச்சு" என்று மறுத்துவிட்டாள்.

நானும் முழுப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். இந்தத் தடவை ஒன்றையும் சுருக்கவில்லை. இப்போது செபம் எனக்கு உதவுகிறது. நடந்ததை அது மாற்றிவிடும் என்பதற்காக அல்ல. மாற்ற முடியாத ஒன்றைக் கொண்டுபோய் வைக்க எனக்கு வேறு இடம் இல்லை. அங்கே வைத்தால் யாரும் அதைச் சின்னதாக்கிச் சொல்வதில்லை, என்னைத் துரத்திவிடுவதும் இல்லை.

அம்மா என்னோடு பேசுகிறாள். விடுமுறைக்குப் போனால் மீன் குழம்பு வைக்கிறாள். மன்னித்துவிட்டாயா என்று ஒருமுறை கேட்டேன். "மாதாகிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

நான் எழுதும் கடிதங்களை அவளுக்கு வாசித்துக் காட்டுவது பக்கத்து வீட்டில் ஏழாவது படிக்கும் பெண். போன மாதம் அந்தப் பெண்ணே எனக்கு ஒரு வரி எழுதியிருந்தாள்: 'அக்கா, நான் வாசித்த பிறகு அம்மா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கோயில் தெருவில் இன்னொரு பெண்ணிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். நான் சரியாக வாசிக்கவில்லையோ?'

நீ சரியாகத்தான் வாசிக்கிறாய் என்று அவளுக்குப் பதில் எழுதினேன். அம்மா செய்வதும் சரிதான் என்று எழுதினேன். அம்மாவுக்கு எழுதும்போது இப்போது ஒவ்வொரு வரியையும் நானே ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்க்கிறேன். யார் கையில் போனாலும் ஒன்றே போல ஒலிக்க வேண்டும்.